ரைற் என்றால் சோத்துக்கை

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
21.03.1998

அன்பு மகன் பிரவீனனுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சியும் இந்தப் பனிக்குள்ளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே ஒசாகாவில் உன் உடம்பும் படிப்பும் சாப்பாடும் அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும் நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஒரு வசனம் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இனி வருவதும் அம்மாவின் கடிதம்தான், ஆனால் எழுதுகிற கை என்னுடையது, நிலாணியுடையது. அம்மாவின் இரண்டு கைகளும் அரியதரப் பலகார மாவுக்குள் இருக்கின்றன, அயலட்டை முழுவதற்கும் அரியதரம் கொடுக்க வேண்டுமாம், ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'நான் சொல்லுறதை மட்டும் எழுது பிள்ளை, கதை அளக்காதை' என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் அண்ணா, அம்மா சொல்வதை மட்டும் எழுதினால் 'நான் பாஸ், நீ வடிவாய்ச் சாப்பிடு' என்பதோடு கடிதம் முடிந்துவிடும். நடந்தது அவ்வளவு சின்ன விஷயமில்லை. அதனால் நானே ஒழுங்காக எழுதுகிறேன், அம்மா குறுக்கே சொல்வதை அங்கங்கே அப்படியே போடுகிறேன்.

ஓம், அம்மா பாஸ். வியாழக்கிழமை கார் ஓட்டிக் காட்டுகிற றோட் ரெஸ்றில் அம்மா பாஸ். இது மூன்றாம் தரம் என்பது உங்களுக்குத் தெரியாது, முதல் இரண்டு தரமும் பெயிலானதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று எனக்கும் அப்பாவுக்கும் கட்டளை இருந்தது, 'படிக்கிற பிள்ளைக்கு உதுகள் ஏன்' என்று. இப்போது எழுதலாமாம். முதல் தரம் நடந்தது சாதாரண பெயில். புறப்பட்ட உடனே வந்த ஸ்ரொப் பலகையில் முழுதாக நிற்காமல் மெல்ல உருண்டு போய்விட்டார், அத்தோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள், இந்த நகரத்தில் பாதிப்பேர் அப்படித்தான் பெயிலாகிறார்கள். ஆனால் இரண்டாம் தரம் பெயிலானது நம்மவர்களைத் தவிர வேறு யாருக்கும் நடந்திருக்காது. அம்மா லோறன்ஸ் அவெனியூவில் போய்க்கொண்டிருந்திருக்கிறார், ஒரு சந்தி வந்ததும் பக்கத்தில் இருந்த பரிசோதகர் 'ரைற்' என்று சொல்லியிருக்கிறார். ஊரில் பஸ் கொண்டக்ரர் எப்போது ரைற் என்பார்? ஆட்கள் எல்லோரும் ஏறியாயிற்று, இனிப் போகலாம் என்னும்போதுதானே. அம்மா ஆயுள் முழுக்கக் கேட்ட ரைற் அது ஒன்றுதான். ஆகவே திரும்பாமல் நேரே போனார். அடுத்த சந்தியிலும் பரிசோதகர் ரைற் என்றிருக்கிறார், இவருக்கு என் ஓட்டம் பிடித்துவிட்டது என்று நினைத்து அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மூன்றாம் சந்தியில் அவர் சத்தமாக ரைற் ரைற் என்று இரண்டு தரம் சொன்னாராம், ஊரில் இரண்டு ரைற் சொன்னால் பஸ் பறக்கும், அம்மாவும் பறந்தார். கடைசியில் ஒரு தளபாடக் கடையின் கார் நிறுத்துமிடத்தில் அந்த மனிதரே கையைக் காட்டி நிற்பாட்டும்படி ஆயிற்று. ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் கார் பழக்குவது முழுக்கத் தமிழில், 'வலப்பக்கம் திருப்புங்கோ அக்கா' என்றுதான் சொல்வார், அதனால் அந்தச் சொல் அம்மாவின் காதில் இப்படி விழும் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. கீழ் மாடியில் இருக்கும் பேபி அன்ரி கேள்விப்பட்டதும் மேலே ஏறி வந்து, 'மங்கை, நீ இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் ஒஷாவா வந்திருக்கும், அங்கை வேலை செய்யிற உன்ரை மனிசன் தியாகு அண்ணைக்குச் சோத்துப் பாசலையும் குடுத்திட்டு வந்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டு அம்மாவின் கட்டிலிலேயே இருந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அவர் போன பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். இதை எழுதாதே என்று அம்மா இப்போது சொல்கிறார், ஆனால் எழுதியாயிற்று.

அழுததற்குக் காரணம் பேபி அன்ரியின் பகிடி இல்லை அண்ணா. அம்மா முதியவர்களைப் பராமரிக்கும் படிப்பை மாரி முழுக்க வகுப்புக்குப் போய் முடித்தது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கதைத்துக்கொண்டிருக்கும் வேலை. ஒரு நிறுவனத்தில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள், பிடித்தும் போயிற்று, ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நேரத்துக்குப் போகவேண்டும், கார் ஓடத் தெரியாதவருக்கு வேலை இல்லை, மார்ச் முடியும்வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குள் லைசன்ஸைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். இல்லாவிட்டால் ஹோட்டல் படுக்கைத் துணி தோய்க்கும் அந்தத் தொழிற்சாலையில்தான் அம்மா நிற்க வேண்டும், அந்த நீராவியில் அம்மாவுக்கு இருமல் வருவது உங்களுக்குத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கும். ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள், 'அக்கா, கோடை வரட்டும், றோட்டிலை பனி போகட்டும், பேந்து ஆறுதலாய்ப் பாப்பம்' என்றார். கோடையில் அந்த இடம் இருக்காது. 'எனக்கு உது வராது, விடுங்கோ' என்று சொல்லிவிட்டு அம்மா கார்த் திறப்பை எடுத்து அப்பாவின் சட்டைப்பைக்குள் போட்டார். இரண்டு கிழமையாக அதைத் தொடவில்லை.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது, நீங்கள் ஒசாகாவிலிருந்து தோக்கியோவுக்கு நொசோமியில் போனதைப் பற்றியது. படத்தைப் பார்த்ததும் நான் துள்ளிவிட்டேன், அந்த நீண்ட மூக்கு மீன்கொத்தியின் அலகு மாதிரியே இருக்கிறது. பேபி அன்ரி படத்தைப் பார்த்து 'ஓ, புல்லற் றெயின்' என்றார், அம்மா முகத்தைச் சுளித்து, 'இஞ்சை வந்தும் துவக்குச் சன்னத்தின்ரை பேரே' என்றார், நீங்கள் எழுதியிருந்தபடி அதன் சொந்தப் பெயர் ஷின்கன்சென், அதற்குப் புதிய தலைமைத் தடம் என்றுதான் அர்த்தம் என்று நான் வாசித்துக் காட்டியதும் 'அப்பிடிச் சொல்லு' என்று சமாதானமானார். பிறகு நான் கடிதத்தைத் தொடர்ந்து சத்தமாக வாசித்தேன். மேசையில் ஒரு நாணயத்தை நிமிர்த்தி வைத்தால் விழாது என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தார். இருநூற்றெழுபது கிலோமீற்றர் வேகம் என்றதற்கும் கத்தி நிற்கவில்லை. கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்களே, ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்ட விரலை ஒவ்வொன்றாக நீட்டி, தான் கண்டதைத் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார், புறப்பாடு சரி, வேகம் சரி, நேரம் சரி என்று, பார்க்க விளையாட்டுப்போல் இருக்கிறது என்று. அதில்தான் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிற்பாட்டினார். 'ஆருக்குச் சொல்லுறார்' என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை, அந்தப் பெட்டிக்குள் அவர் தனியாகத்தான் இருப்பார் என்றேன். 'வெக்கமில்லையே அவருக்கு' என்றார். அது அவர்களுடைய வேலை முறை, ஷிசா கன்கோ என்று பெயர், கண், கை, வாய், காது நாலும் ஒரே விஷயத்தில் நின்றால் மனம் வேறு பக்கம் போகாது என்பதற்காகச் செய்கிறார்கள் என்றேன், இது உங்கள் கடிதத்தில் இல்லை, நான் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வாசித்திருந்தேன். அம்மா கத்தியைப் பலகையில் வைத்தார். பிறகு, 'அந்தளவு பெரிய றெயினை ஓடுற மனிசன் கண்டதைத் தனக்கே சொல்லிப்போட்டுத்தான் ஓடுறாரெண்டால், நான் ஆர் சொல்லாமல் ஓட' என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒரு ஜப்பானிய ரயில் நிலையமாகிவிட்டது அண்ணா. அம்மா அடுப்பை நிற்பாட்டியதும் விரலை நீட்டி 'அடுப்பு நூந்துது, சரி' என்பார். கதவைப் பூட்டியதும் 'பூட்டினது, சரி'. அப்பா காலையில் ஒஷாவாத் தொழிற்சாலையிலிருந்து இரவு வேலை முடிந்து நித்திரைக் கண்ணோடு வந்து சப்பாத்தைக் கழற்றினால் அவரையும் விரலால் காட்டி 'வந்திட்டார், சரி' என்பார். அப்பா என்னை ஒருபக்கம் கூப்பிட்டு, 'என்ன பிள்ளை, கொம்மாவுக்கு ஏதும் சுகமில்லையோ' என்று மெதுவாகக் கேட்டார். ஷிசா கன்கோ என்ற சொல் மட்டும் அம்மாவின் வாயில் கடைசிவரை ஏறவில்லை, 'சீசா வேலை' என்றே சொல்கிறார், போத்தில் வேலை என்று பேபி அன்ரி அதையும் கெடுத்துவிட்டார். ஆனால் நாங்கள் விடவில்லை. பின்னேரங்களில் அப்பா நித்திரை விட்டு எழும்பியதும் மூவரும் காரில் போவோம். நான் பின்னாலிருந்து பரிசோதகர் மாதிரி ஆங்கிலத்தில் மட்டும் சொல்வேன். ரைற் என்பேன். அம்மா உடனே காலை அழுத்தாமல் முதலில் விரலைக் காட்டி அதைத் தமிழில் சொல்லவேண்டும், அதுதான் நாங்கள் வைத்த சட்டம். முதலில் 'வலம்' என்றுதான் பழகினோம், அவசரத்தில் அந்தச் சொல் அம்மாவுக்கு வரவில்லை, வலமா இடமா என்று யோசிப்பதற்குள் சந்தி போய்விட்டது. அப்பாதான் சொன்னார், 'மங்கை, யோசியாதை, எந்தக் கையாலை சாப்பிடுறனி' என்று. அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. ரைற் என்றால் சோத்துக்கை, லெவ்ற் என்றால் மற்றக்கை. சோத்துக்கை எது என்று உலகத்தில் எந்த அவசரத்திலும் அம்மாவுக்கு மறக்காது.

ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. 'அக்கா, ஸ்ரியறிங்கிலை இருந்து கை எடுத்தால் அங்கையே பெயில் போடுவினம், உது றெயில் இல்லை, தண்டவாளம் தன்ரை பாட்டிலை கொண்டுபோக' என்றார். அது நியாயமான பேச்சு, நான் அதைப்பற்றி நிறைய யோசித்தேன். ஷின்கன்சென்னுக்கென்று தனித் தடம், அதற்குக் குறுக்கே ஒரு தெருவும் வராது, அவ்வளவு வேகத்தில் வழியோர விளக்கைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால் எந்த வேகத்தில் போகலாம் என்பது ஓட்டுநரின் முன்னால் உள்ள பலகையிலேயே தெரியும். அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'அவருக்குக் குறுக்கை ஒருத்தரும் வரமாட்டினம், எனக்கு லோறன்ஸிலை எல்லாரும் வருவினம், நாயும் வரும்' என்று அம்மாவே சொன்னார். கடைசியில் அங்கிளும் அம்மாவும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள், இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருக்கும், சுட்டுவிரல் மட்டும் ஓர் அங்குலம் எழும்பும், வாய் சொல்லும். 'சிவப்பு, நிண்டன்.' 'கண்ணாடி பாத்தன், தோளுக்காலை பாத்தன், ஒருத்தரும் இல்லை, போறன்.' இரண்டாம் நாளே அங்கிள் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, 'அக்கா, இவ்வளவு நாளும் நீங்கள் பாக்கிறனீங்களோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது, இப்ப எனக்குக் கேக்குது' என்றார். அங்கிள் யாரையும் லேசில் புகழமாட்டார்.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை, அப்பா வேலையால் வந்து படுக்காமல் அப்படியே எங்களோடு வந்தார். இரவு கொஞ்சம் பனி தூவியிருந்தது. அம்மா கறுப்புக் குளிர்க் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு கைப்பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு சோடியை எடுத்துப் போட்டார், எங்கே எப்போது வாங்கினார் என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பா பார்த்துவிட்டு கார்க் கண்ணாடியில் இருந்த பனியைத் துடைத்தார். செம்பட்டை மீசை வைத்த ஒரு பரிசோதகர் வந்து ஏறினார். இனி நடந்ததை அம்மா சொன்னபடி எழுதுகிறேன், நானும் அப்பாவும் வெளியில் நின்றோம். அம்மா புறப்பட முன்னர் அவரைப் பார்த்து, நான் கண்டதைச் சொல்லித்தான் ஓடுவேன், தமிழில்தான் சொல்வேன், உங்களுக்கு அது பரவாயில்லையா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அவர் ஒருகணம் யோசித்து, என்னோடு கதைக்காதவரை சரி என்றிருக்கிறார். பிறகு முழு நேரமும் காருக்குள் ஒரே தமிழ்தான். ஸ்ரொப் பலகையில் 'நிண்டன், நிண்டன், வடிவாய் நிண்டன்' என்று மூன்று தரம் சொன்னாராம். பாதசாரிக் கடவையில் 'பிள்ளையள் கடக்குதுகள், அசையமாட்டன்' என்றாராம். அண்ணா, பிறகு அது வந்தது. பெரிய சந்தி, வரிசையாகக் கார்கள், பச்சை விளக்கு, பக்கத்தில் இருந்தவர் 'ரைற்' என்றார். காலில் பழைய பஸ் எழும்பியதாம். அம்மா தானே சொன்ன சொல் அது, 'காலுக்குள்ளை பஸ் எழும்பீற்றுது பிள்ளை' என்றார். ஆனால் வெள்ளை விரல் அதற்கு முதல் எழும்பிவிட்டது. 'ரைற் எண்டால் சோத்துக்கை' என்று கத்திச் சொல்லி, கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் பார்த்து, ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு கடப்பதைக் கண்டு, 'ஐயா போகட்டும்' என்று சொல்லி, அவர் போனதும் கோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் அழகாகத் திரும்பினார். அதற்குப் பிறகு எத்தனை ரைற் வந்தாலும் எல்லாம் சோத்துக்கைதானாம்.

அவர்கள் திரும்பி வந்து நின்றபோது நான் கார் யன்னலுக்குப் பக்கத்தில் ஓடிப்போனேன், அதனால் கடைசிப் பகுதியை என் கண்ணால் கண்டேன். அந்த மீசைக்காரர் தாளில் எழுதி முடித்தார். பிறகு சிரிக்காமல், மிகவும் கவனமாக, தன் சுட்டுவிரலை நீட்டித் தாளின் அடியைக் காட்டி, 'பாஸ்' என்று உரத்துச் சொன்னார். அம்மாவும் தன் வெள்ளை விரலை அதே இடத்தில் வைத்து 'பாஸ், சரி' என்றார். அவருக்கு அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று விளங்கியிருக்காது, ஆனால் எப்படிச் செய்வது என்பது விளங்கிவிட்டது.

வீட்டுக்கு அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தார், பாதி வழியில் பின்னால் திரும்பிப் பார்த்தால் அப்பா நித்திரை. அண்ணா, நீங்கள் இங்கே இருந்திருந்தால் இதன் அருமை தெரியும், அம்மா ஓட்டும்போது அப்பா கண் இமைப்பதுகூட இல்லை, கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி இல்லாத பிறேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். அன்று வாயைத் திறந்து குறட்டை. அம்மா கண்ணாடியில் அதைக் கண்டு விரலை எழுப்பி, 'அப்பா நித்திரை, சரி' என்று மிக மெதுவாகச் சொன்னார். கீழே கார் நின்றதும் பேபி அன்ரி பல்கனியில் நின்றுகொண்டு, 'என்ன மங்கை, இந்தமுறை எந்த ஊருக்குப் போட்டு வாறாய்' என்று கேட்டார், அம்மா வெள்ளைக் கையுறையோடு அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். பேபி அன்ரி இரண்டு மாடிப்படிகளையும் செருப்பில்லாமல் இறங்கி வந்து பனிக்குள் நின்று அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு, 'இனி என்னை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் விடு' என்றார். நேற்று அம்மா தானே தனியாக நிறுவனத்துக்கு ஓடிப்போய்த் தாளைக் காட்டினார், நான் மேலே யன்னலில் நின்று பார்த்தேன், கார் தெருமுனையில் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி, சோத்துக்கைப் பக்கம் திரும்பியது. திங்கட்கிழமை தொடக்கம் வேலை. தொழிற்சாலையில் மேலங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அப்பா இப்போது எங்கள் காருக்கு நொசோமி என்று பெயர் வைத்திருக்கிறார், நொசோமி என்றால் நம்பிக்கை என்று நீங்கள் எழுதியிருந்ததை அப்பா மறக்கவில்லை, எங்களுடையதற்கு மூக்கில் ஒரு நெளிவும் இருக்கிறது என்கிறார்.

அம்மா மாவைப் பிசைந்து முடித்துவிட்டார், இனித் தான் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதச் சொல்கிறார். எழுதுகிறேன். 'மகன், நீ விளையாட்டுப்போலை இருக்கெண்டு எழுதினாய், அது விளையாட்டில்லை. அந்த றைவரை இனிக் கண்டால் கும்பிடு. அவருக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை. உந்த றெயின் ஓடத் தொடங்கி இவ்வளவு வருசத்திலை ஒருக்காலும் தடம்புரண்டு ஆக்கள் சாகேல்லையெண்டு நிலாணி புத்தகத்திலை பாத்துச் சொன்னவள், அதாலை நீ ஏறுறதுக்கு எனக்குப் பயமில்லை, ஆனால் ஸ்ரேசனிலை மஞ்சள் கோட்டுக்கு இஞ்சாலை நில். படம் எடுக்கிறனெண்டு எட்டிப் பாராதை. பேணிக்குள்ளை வாற நூடில்ஸைத் திண்டு நாளைக் கடத்தாதை, ஒரு கோப்பைச் சோறு வடிச்சு ஒரு பருப்பு வைக்க எவ்வளவு நேரம். தலைக்கு எண்ணெய் வை. படிப்பு முடியேல்லையெண்டு இந்தமுறையும் பயணத்தைத் தள்ளாதை, ஓகஸ்ற் எண்டால் ஓகஸ்ற்.'

நீங்கள் வரும்போது விமான நிலையத்திலிருந்து யார் கூட்டிக்கொண்டு வருவது என்று அப்பாவும் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிளும் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அதை அம்மா நேற்றே முடித்துவிட்டார். அம்மாதான் ஓட்டுகிறார். அப்பாவுக்கும் எனக்கும் பின் சீற், உங்களுக்கு முன்னால். உங்களைக் கொழும்பில் விட்டுவிட்டு நாங்கள் புறப்பட்டபோது உங்களுக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை, இப்போது படத்தில் கண்ணாடியும் தாடியுமாக யாரோ மாதிரி இருக்கிறீர்கள், அந்தக் கூட்டத்துக்குள் அண்ணாவை மட்டுக்கட்டுவீர்களா என்று அம்மாவைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். ஆனால் அம்மா யோசிக்கவே இல்லை. 'அதுக்குத்தானே உது' என்று மாவு ஒட்டிய விரலைத் தூக்கிக் காட்டினார். 'கதவாலை அவன் வெளியிலை வர, எத்தினை சனம் நிண்டாலும், முதல் விரலை நீட்டி, என்ரை பிள்ளை, சரி எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவன். சொல்லிப்போட்டுத்தான் கட்டிப்பிடிப்பன்.'

எல்லாத் தெய்வங்களும் உன்னோடு துணை நிற்கட்டும், நீ தொடுவதெல்லாம் நன்றாக வரட்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். அந்த ஓட்டுநர்கள் போடுகிற வெள்ளைக் கையுறை ஒரு சோடி வாங்கிக்கொண்டு வர மறக்கவேண்டாம், அம்மாவின் கைக்கு அளவு சின்னது. கீழே இருப்பது அம்மாவின் சொந்தக் கையெழுத்து, கை கழுவப் பொறுமையில்லை, அந்த வெள்ளைக் கறை அரியதர மா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
மங்கையற்கரசி தியாகலிங்கம்
(சரி)